கடல் உலகப் பெட்டியும் ஓர் அன்னக்கூடையும்: குழந்தைகளுக்கான சென்சரி விளையாட்டுப் பெட்டி, ஒரு மதிப்புரை

கடந்த நவம்பரில், மழை விடுமுறைகள் அடுத்தடுத்து வந்த ஒரு வாரத்தில், இணையத்தில் 1,650 ரூபாய் கொடுத்து ஒரு சென்சரி (தொட்டும் அளைந்தும் புலன்களைப் பழக்கும்) விளையாட்டுப் பெட்டி வாங்கினோம். மகளுக்கு அப்போது இரண்டேகால் வயது, மகனுக்கு நான்கரை. சென்னை மந்தைவெளியில் இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் மண் என்றால் அது பால்கனித் தொட்டிச் செடிகளில் இருப்பது மட்டும்தான். மழை பிடித்துக்கொண்டால் பூங்காவும் இல்லை, கடற்கரையும் இல்லை. அந்தப் பெட்டியை ஏறத்தாழ மூன்று வாரம் பயன்படுத்திவிட்டு, அதிலிருந்தவற்றில் பெரும்பகுதியை ஒதுக்கி, கடைத்தெருவிலும் சமையலறையிலும் கிடைத்த பொருட்களைக் கொண்டு நாங்களே ஒன்றைத் தயாரித்தோம். இன்றுவரை வீட்டில் பயன்படுவது இரண்டாவதுதான். இதே போன்ற பெட்டியை வாங்கலாமா என்று யோசிக்கும் பெற்றோருக்கு உதவும் என்பதால் இரண்டைப் பற்றியும் எழுதுகிறேன். விற்ற நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். பலரும் ஏறத்தாழ இதே சரக்கை வெவ்வேறு பெயர்களில் விற்பதால், பெயரைவிட உள்ளே என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்வதே முக்கியம்.

சென்சரி பெட்டி என்பது அடிப்படையில் மிக எளிமையானது. அகலமான ஒரு பாத்திரம், குழந்தை கையை உள்ளே விட்டு அளைவதற்கு ஒரு பொருள், அள்ளவும் ஊற்றவும் சலிக்கவும் சில கருவிகள், இவ்வளவுதான். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு அரிசியை ஊற்றும்போது மணிக்கட்டைத் திருப்புவதற்கும், எப்போது நிரம்புகிறது என்று பார்த்து நிறுத்துவதற்கும், சிந்தியதை விரல் நுனியால் பொறுக்குவதற்கும் குழந்தை தன் முழுக் கவனத்தையும் கொடுக்க வேண்டியிருக்கிறது. பின்னாளில் பென்சில் பிடிப்பதும், சட்டைப் பொத்தான் போடுவதும், தானே எடுத்துச் சாப்பிடுவதும் இந்த விரல் பழக்கத்தின் மேல்தான் அமைகின்றன. இது சென்னைக்குப் புதிய சிந்தனையும் அல்ல. 1939ஆம் ஆண்டின் இறுதியில் இங்கே வந்த இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி, அடையாறு பிரம்மஞான சபை வளாகத்தில்தான் ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். தானியத்தை ஒரு குவளையிலிருந்து இன்னொரு குவளைக்கு ஊற்றுவது அவருடைய முறையைப் பின்பற்றும் பள்ளிகளில் இன்றும் உள்ள ஆரம்பப் பயிற்சிகளில் ஒன்று.

நாங்கள் வாங்கியதற்கு 'கடல் உலகம்' என்று தலைப்பிட்டிருந்தார்கள். சுமார் 30 சென்டிமீட்டர் நீளமும் 20 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டி ஒன்று. நீலச் சாயம் ஏற்றிய அரிசி அரைக் கிலோ. கைனெட்டிக் மணல் கால் கிலோ. எட்டு பிளாஸ்டிக் கடல் உயிரினங்கள். ஒரு சிறு பையில் சிப்பிகளும் சோழிகளும். மரக் கரண்டி ஒன்று. பிளாஸ்டிக் இடுக்கி ஒன்று. இவற்றுடன் 'வாட்டர் பீட்ஸ்' எனப்படும், தண்ணீரில் ஊறிப் பெருகும் வண்ண உருண்டைகள் ஒரு பொட்டலம். 'இரண்டு முதல் ஆறு வயது வரை' என்று அட்டையில் அச்சிட்டிருந்தார்கள். அந்த ஒரு வரியை நம்பித்தான் வாங்கினேன்.

நல்லவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். பெட்டி உறுதியானது, ஓரங்கள் மழுங்கலாக இருந்தன, மூடி இறுக்கமாகப் பொருந்தியது. மரக் கரண்டியின் வேலைப்பாடு நன்றாக இருந்தது; மகளின் கைக்கு அளவெடுத்துச் செய்தது போல் இருந்த அந்தக் கரண்டியை இன்றும் பயன்படுத்துகிறோம். கைனெட்டிக் மணலும் தரமானதே. நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கு மெல்லிய மணலும், மீதி சிலிக்கோன் எண்ணெயுமாகக் கலந்து செய்யப்படும் பொருள் அது. பிடித்தால் உருண்டையாகும், விட்டால் மெதுவாக வழியும், காய்ந்து போகாது. மகன் அதில் அரை மணி நேரம் ஓரிடத்தில் அமர்ந்திருந்தான், அது அவனுக்கு அரிது. ஆனால் வாயில் எதையும் வைத்துப் பார்க்கும் வயதில் இருக்கும் குழந்தைக்கு அது ஏற்றதல்ல. மகளை அருகில் விடாமல் பார்த்துக்கொள்வதே எனக்கு வேலையாகிவிட்டது.

முதல் குறை அளவு. அரைக் கிலோ அரிசியைப் பெட்டியில் கொட்டிப் பரப்பினால் ஒரு சென்டிமீட்டர் உயரம்தான் நிற்கிறது. கரண்டி பெட்டியின் அடியில் கறகறவென்று உரசுகிறது. கையைப் புதைக்க முடியவில்லை. ஒரு பொம்மையை ஒளித்துவைத்தால் அதன் முதுகு வெளியே தெரிகிறது. விளம்பரப் படத்தில் பெட்டி நிறைய இருந்த அரிசி, வாங்கிய பெட்டியில் இல்லை. குழந்தை இரண்டு நிமிடம் கிளறிவிட்டு, அந்த எட்டு பொம்மைகளையும் வெளியே எடுத்து வரிசையாக அடுக்கிவிட்டு எழுந்து போய்விட்டாள். இதை அவளுக்குக் கவனம் போதாததாக நினைத்து முதலில் வருந்தினேன். பிறகுதான் தெரிந்தது, அங்கே அளைவதற்கு ஒன்றுமே இல்லை என்று. பெட்டிக்குள் பொம்மைகள் எத்தனை, தலைப்பு என்ன என்பதற்கெல்லாம் குழந்தையிடம் மதிப்பு குறைவு. அள்ள அள்ளக் குறையாத அளவுக்குப் பொருள் இருக்க வேண்டும் என்பதே முதன்மையானது. விற்பவர்களோ தலைப்புக்கும் பொம்மைக்கும் செலவழித்துவிட்டு, அரிசியில் கையைச் சுருக்கிவிடுகிறார்கள்.

இரண்டாவது குறை கடுமையானது. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம், 2020ஆம் ஆண்டின் பொம்மைகள் தரக் கட்டுப்பாட்டு ஆணை அப்படித்தான் சொல்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கான பொம்மையில் தொண்டையில் அடைக்கக்கூடிய சிறு பாகம் எதுவும் இருக்கக் கூடாது என்பதும் பொம்மைப் பாதுகாப்புத் தரத்தின் ஒரு பகுதி. அதைச் சோதிக்க 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு உருளையைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கிவிடும் பொருள் சிறு குழந்தைக்கு ஆபத்தானது. நான் சார்ட் பேப்பரை அந்த விட்டத்துக்குச் சுருட்டி ஒட்டி, ஆள்காட்டி விரலின் நீளத்தில் பாதிக்கு வெட்டி, பெட்டியில் இருந்தவற்றை ஒவ்வொன்றாக அதில் போட்டுப் பார்த்தேன். சோழிகள் எல்லாம் விழுந்தன. சிப்பிகளில் பாதி விழுந்தன. பிளாஸ்டிக் நட்சத்திர மீனும் நண்டும் ஒரு தடையும் இல்லாமல் உள்ளே போய் அடங்கின. அட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைத் தேடினேன், எங்கும் இல்லை. 'இரண்டு வயது முதல்' என்று அச்சிட்டவர்கள் இந்தச் சோதனையைச் செய்தே பார்க்கவில்லை என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, வாட்டர் பீட்ஸ். இதைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரில் பூச்சாடி அலங்காரத்துக்கும் விற்கிறார்கள், காசிச் செட்டித் தெருவில் பொட்டலம் பொட்டலமாகத் தொங்குகிறது. பார்க்க அழகாக இருக்கும். குழந்தைகளின் டயப்பரில் ஈரத்தை உறிஞ்சும் பொருளின் இனத்தைச் சேர்ந்ததுதான் இதுவும். காய்ந்த நிலையில் கடுகைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும் உருண்டை, தண்ணீரை இழுத்துப் பல மடங்கு பெருகுகிறது. குழந்தை காய்ந்த உருண்டையை விழுங்கிவிட்டால் அது வயிற்றுக்குள் போய்ப் பெருகிக் குடலை அடைத்துவிடலாம். மூக்கிலோ காதிலோ போனாலும் அங்கேயும் ஈரத்தில் பெருகும். எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது என்பதால் மருத்துவர்களுக்கும் கண்டுபிடிப்பது கடினம். அமெரிக்காவில் குழந்தைகள் பலர் இதனால் பாதிக்கப்பட்டு, உயிரிழப்பும் நேர்ந்த பிறகு, குழந்தைகளுக்கான விளையாட்டுப் பொருளாக இதை விற்பதை நிறுத்துவதாக 2023 டிசம்பரில் அமேசான், வால்மார்ட், டார்கெட் ஆகிய நிறுவனங்கள் அங்கே அறிவித்தன.

இதையெல்லாம் நான் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். பெட்டி வந்த இரண்டாம் நாள், பொட்டலத்தைப் பிரிக்கும்போது ஒரு ஓரம் கிழிந்து, கொஞ்சம் உருண்டைகள் தரையில் சிதறின. பெருக்கி அள்ளிவிட்டதாகத்தான் நினைத்தேன். மூன்று நாள் கழித்து வாஷிங் மெஷினுக்குப் பின்னால் துடைத்தபோது, ஈரம் தங்கும் அந்த மூலையில், அரநெல்லிக்காய் அளவுக்குப் பருத்த ஒரு நீல உருண்டை கிடந்தது. எடுத்து உள்ளங்கையில் வைத்து, பொட்டலத்தில் மீதமிருந்த காய்ந்த உருண்டை ஒன்றை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று கண்ணுக்குத் தப்பும் அளவு. மற்றது ஒரு குழந்தையின் குரல்வளையை நிறைக்கும் அளவு. நடுவில் இருந்தது மூன்று நாள் ஈரம் மட்டுமே. அன்று மாலை மெத்தையைத் தூக்கி, சோபாவை நகர்த்தி, வீடு முழுவதும் கைவிளக்கோடு தேடினோம். பொட்டலத்தை இறுகக் கட்டி அன்றே அப்புறப்படுத்தினேன். சிறு குழந்தை உள்ள வீட்டில் இந்தப் பொருளுக்கு எந்த இடமும் இல்லை. மூத்த குழந்தைக்காக வாங்கினாலும் அது இளைய குழந்தையின் கைக்கு வராமல் இருக்காது.

நான்காவதாக, சென்னைக் காற்று. சாயம் ஏற்றிய அரிசியைச் சரியாக உலர்த்தாமலே அடைத்திருக்கிறார்கள் போலும். முதல் நாளே குழந்தைகளின் உள்ளங்கை நீலமானது. இறுக்கமான மூடியும் மழைக்கால ஈரமும் சேர்ந்து, ஒன்பதாம் நாள் திறந்தபோது அரிசி கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டு, பூசண வாடை அடித்தது. முழுவதையும் கொட்ட வேண்டியதாயிற்று. விற்பனையாளருக்குப் படங்களோடு எழுதினேன். பெட்டியைத் திறந்து பயன்படுத்திவிட்டதால் திரும்பப் பெற இயலாது என்று ஒரு வரியில் பதில் வந்தது. வயதுக் குறிப்பைப் பற்றியும் வாட்டர் பீட்ஸ் பற்றியும் கேட்டதற்குப் பதிலே இல்லை. பணத்தைவிட அதுதான் எனக்கு வருத்தம்.

ஆகவே இந்த வகைப் பெட்டியை மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் முடிவு. மூன்று வயதைத் தாண்டிய குழந்தைக்கு வாங்குவதாக இருந்தாலும், வாட்டர் பீட்ஸ் இல்லாதது, ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ளது, உள்ளிருக்கும் பொருளின் எடையைத் தெளிவாகக் குறிப்பிட்டிருப்பது என்ற மூன்றையும் பார்த்து வாங்குங்கள்.

இனி, நாங்கள் செய்தது. அரிசியை வைத்து விளையாடுவது என்றதுமே அம்மா முகம் சுளித்தார். "சாப்பிடுற பொருளைக் காலால மிதிக்க விடக்கூடாதும்மா" என்றார். அந்த வருத்தத்தை நான் பழைய காலத்துப் பேச்சு என்று தள்ளவில்லை. பசி தெரிந்த தலைமுறை அது, அரிசிக்கு அவர்கள் தரும் மரியாதை என் குழந்தைகளுக்கும் வர வேண்டும் என்பதுதான் என் விருப்பமும். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம்: சமைக்கும் அரிசியைத் தொடுவதில்லை, நொய் வாங்குவது, சாயம் ஏற்றுவதில்லை, விளையாடி முடித்தது எதுவும் குப்பைக்குப் போகக் கூடாது. சாயம் வேண்டாம் என்ற நிபந்தனை எங்களுக்கு மிகவும் நன்மையாக அமைந்தது என்பதைப் பின்னால் உணர்ந்தோம். வண்ணம் வேண்டும் என்பவர்கள், ஒரு கோப்பை அரிசிக்கு ஒரு தேக்கரண்டி வினிகரும் சில துளி உணவுச் சாயமும் சேர்த்துப் பையில் போட்டுக் குலுக்கி, மொட்டை மாடியில் நல்ல வெயிலில் பரப்பி, கையில் ஒட்டாத வரை உலர்த்த வேண்டும். ஐப்பசி கார்த்திகையில் அதைச் செய்யவே கூடாது.

ஒரு சனிக்கிழமை பாரிமுனைக்குப் போனோம். காசிச் செட்டித் தெருவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் விளையாட்டுச் சாமான்கள் குவிந்து கிடக்கின்றன, விலையும் மலிவு. ஆனால் ஒன்றிரண்டு கடைகளில் டஜன் கணக்கில்தான் தருகிறார்கள், முத்திரை உள்ள பொருளைக் கேட்டு வாங்குவதற்குப் பொறுமையும் வேண்டும். குழந்தைகளை அழைத்துக்கொண்டு அந்த நெரிசலில் போக வேண்டாம். உண்மையில் எங்களுக்குத் தேவைப்பட்டவை அங்கே இல்லை, பாத்திரக் கடையில்தான் இருந்தன. மயிலாப்பூர் மாட வீதிப் பக்கத்துக் கடைகளிலேயே எல்லாம் கிடைத்துவிட்டன: அகல வாயுள்ள பிளாஸ்டிக் அன்னக்கூடை 160 ரூபாய், புனல் 20, அகலமான வடிகட்டி 30, சிறிய மூங்கில் முறம் 60, கொட்டாங்குச்சி அகப்பை 50. ஐந்து கிலோ நொய் 170 ரூபாய். மொத்தம் 490. அம்மாவின் பழைய எவர்சில்வர் ஆழாக்கும், பித்தளைப் படியும், ஒரு தாம்பாளமும் வீட்டிலேயே இருந்தன.

ஐந்து கிலோ நொய்யைக் கொட்டியதும் அன்னக்கூடையில் ஐந்து சென்டிமீட்டர் உயரத்துக்கு நின்றது. மகள் இரண்டு கைகளையும் மணிக்கட்டு வரை புதைத்துக்கொண்டு, ஒரு நிமிடம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அந்தக் கடல் உலகப் பெட்டியில் ஒருநாளும் நான் காணாத அமைதி அது. பிறகு அகப்பையால் அள்ளி முறத்தில் ஊற்றினாள், தாம்பாளத்தில் ஊற்றினாள், கவிழ்த்து வைத்த கொட்டாங்குச்சியின் மேல் ஊற்றினாள். முறத்தில் விழும்போது சரசரவென்று ஒரு அடங்கிய ஓசை, தாம்பாளத்தில் கலீரென்று ஒரு ஓசை, கொட்டாங்குச்சியில் பொட்டுப் பொட்டென்று ஒரு ஓசை. மூன்றையும் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டே, "இன்னும் ஊத்து" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இருபது நிமிடத்துக்கு மேல் ஆயிற்று.

மகனுக்கு வேறு வழியில் பிடித்துக்கொண்டது. எட்டு ஆழாக்கு ஒரு படி என்று பாட்டி சொல்லியிருந்தார். அவன் எண்ணிக்கொண்டே ஆழாக்கால் அள்ளி ஊற்றினான். ஏழிலேயே படி நிரம்பி வழிந்தது. "ஏழுதான் பாட்டி போச்சு" என்று புகார் செய்தான். அம்மா அருகில் வந்து பார்த்துவிட்டு, "நீ கோபுரமா குவிச்சு அளக்கிறடா கண்ணா. தலை தட்டி அளந்து பாரு" என்று ஆழாக்கின் வாயை உள்ளங்கையால் ஒரு வழி வழித்துக் காட்டினார். அவன் மறுபடி எண்ணினான், எட்டு சரியாகப் போயிற்று. மறுநாள் இரண்டு ஆழாக்கு ஒரு உழக்கு, இரண்டு உழக்கு ஒரு உரி, இரண்டு உரி ஒரு படி என்று அவனே தரையில் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு நொய்யைக் குவித்துவைத்திருந்தான். இந்தப் பாடத்தை நடத்த வேண்டும் என்று நாங்கள் யாரும் திட்டமிடவில்லை. சரியான கருவி கையில் இருந்தது, போதுமான அரிசி இருந்தது, அவ்வளவுதான்.

வாட்டர் பீட்ஸின் வழவழப்பைத் தேடுபவர்களுக்கு நம் சமையலறையிலேயே மாற்று இருக்கிறது. ஜவ்வரிசியைக் கண்ணாடி போல் தெளியும் வரை வேகவைத்து, வடித்து, குளிர்ந்த நீரில் இரண்டு முறை அலசினால் பிசுபிசுப்பு போய், தனித்தனி முத்தாக வழுக்கும். என் அடுப்பில் நைலான் ஜவ்வரிசி உருக்குலையாமல் வந்தது, மாவு ஜவ்வரிசி சற்றுக் குழைந்தது. பீட்ரூட் சாறோ சங்குப்பூ கொதித்த நீரோ சேர்த்தால் நிறம் கிடைக்கும். சங்குப்பூவின் நீலத்தில் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டு சொட்டாக விட்டு அது ஊதாவாக மாறுவதைக் காட்டியபோது மகன் கையிலிருந்த எலுமிச்சம் பழத்தைக் கீழே வைக்கவே இல்லை. சப்ஜா விதையும் நன்று, ஆனால் முழுதாக ஊறிய பிறகே குழந்தை முன் வைக்க வேண்டும். கொஞ்சம் வாய்க்குள் போனாலும் பெரும்பாலும் கேடில்லை என்பதால், ஒன்றரை வயதுக் குழந்தைக்கும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு இவற்றைக் கொடுக்கலாம். அன்றே செய்து அன்றே கொட்டிவிட வேண்டும், நம் வெயிலில் மாலைக்குள் புளித்துவிடும். கார்ன்ஃப்ளார் எனப்படும் சோள மாவு இரண்டு பங்குக்குத் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால், அழுத்தினால் கட்டியாகி, விட்டால் ஒழுகும் குழம்பு கிடைக்கும். அதைக் குளியலறையில் வைத்துக்கொள்வது நல்லது. கல் உப்பை நான் பரிந்துரைக்கவில்லை. மழைக்காலத்தில் நீர்த்துவிடுகிறது, விரலில் சிறு கீறல் இருந்தாலும் எரிகிறது, அந்தக் கையால் குழந்தை கண்ணைக் கசக்கும்.

எதைப் போடக் கூடாது என்பதிலும் நம் ஊருக்கே உரிய எச்சரிக்கைகள் உண்டு. பிள்ளையார் சதுர்த்தியின்போது களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கும் குன்றிமணி, சிவப்பும் கறுப்புமாக அழகாக இருப்பதால் பல்லாங்குழியிலும் பெட்டியிலும் போடத் தோன்றும். அதனுள் இருக்கும் அப்ரின் என்ற நஞ்சு மிகக் கொடியது. விதையைக் கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஆமணக்கு விதையும் அப்படியே. வேகவைக்காத ராஜ்மா பயறும் வயிற்றுக்கு நஞ்சு. புளியங்கொட்டை, சோழி, கொண்டைக்கடலை, வேர்க்கடலை எல்லாம் மூன்று வயது முடியும் வரை தள்ளியே இருக்கட்டும். தொண்டையில் அடைப்பது ஒருபுறம், மூக்கில் செருகிக்கொள்வது இன்னொருபுறம், பருப்பும் பயறும் மூக்கின் ஈரத்தில் ஊதிக்கொள்ளும். கட்டட வேலை நடக்கும் இடத்திலிருந்து எம்-சாண்ட் அள்ளிவந்து தருவதும் தவறு, அது பாறையை உடைத்துச் செய்வது, அதன் தூசு நுரையீரலுக்குக் கெடுதி. நொய்யில் வண்டு வராமலிருக்க அரிசிப் பானையில் போடுவது போல் காய்ந்த மிளகாயைப் போட்டுவிடாதீர்கள், விளையாடும் விரல் நேராகக் கண்ணுக்குப் போகும். வசம்பும் வேண்டாம். வாரம் ஒருமுறை மொட்டை மாடியில் ஒரு மணி நேர வெயில் காட்டி, நன்றாக ஆறிய பிறகு மூடிவைத்தால் போதும் என்பது எங்கள் அனுபவம்.

நொய்யானாலும் குழந்தையைத் தனியே விட்டுப் போகக் கூடாது என்பதைத் தயக்கமில்லாமல் சொல்கிறேன். அலைபேசி அடித்தால் நான் மகளையும் தூக்கிக்கொண்டுதான் எழுவேன். தண்ணீர் வைத்து விளையாடினால் இது இரட்டிப்புப் பொருந்தும். நான்கு விரற்கடைத் தண்ணீர்கூடச் சிறு குழந்தைக்கு ஆபத்தாகலாம். விளையாடி முடித்ததும் அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிப் பாத்திரத்தைக் கவிழ்த்துவையுங்கள். டெங்கு பரப்பும் கொசு தெளிந்த நீரில்தான் முட்டையிடுகிறது, ஏழு முதல் பத்து நாளில் அது கொசுவாகப் பறந்துவிடும். பால்கனியில் மறந்துபோன ஒரு விளையாட்டுத் தொட்டி அதற்குப் போதும்.

சிந்துவதைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். சிந்தத்தான் செய்யும். பழைய இரட்டைப் படுக்கை விரிப்பை விரித்து, நடுவில் அன்னக்கூடையை வைத்து, மின்விசிறியை நிறுத்திவிடுகிறோம். முடிந்ததும் நான்கு மூலையையும் சேர்த்துத் தூக்கினால் சிந்தியதில் நூற்றுக்கு எண்பது பங்கு கூடைக்குத் திரும்பிவிடும். மீதியை மகள் சின்ன விளக்குமாற்றால் தள்ளுவாள், மகன் முறத்தில் ஏந்துவான். முதலில் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் செய்ய வைத்தோம், இப்போது அந்தத் தள்ளுவதும் ஏந்துவதுமே விளையாட்டின் பகுதியாகிவிட்டது. தினமும் எடுத்து வைத்தால் சலிப்பு வருகிறது. வாரத்துக்கு மூன்று நாள் என்று வைத்துக்கொண்டிருக்கிறோம், கருவிகளில் ஒன்றிரண்டை மட்டும் மாற்றுகிறோம்.

கடல் உலகப் பெட்டியின் மூடியுள்ள பெட்டி இப்போது ஆழாக்கும் புனலும் வைக்கும் இடம். நொய்யை ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறோம். விளையாடி முடித்த பழைய நொய்யை அம்மா சல்லடையில் சலித்து, மிக்ஸியில் மாவாக அரைத்து ஒரு டப்பாவில் எடுத்துவைத்துக்கொள்கிறார். சாயம் ஏற்றாத அரிசி என்பதால் அது நல்ல வெள்ளை மாவாக வருகிறது. மார்கழிக் கடைசி நாட்களில் எங்கள் வாசலில் போட்ட கோலம் அந்த மாவில் போட்டதுதான். எறும்புகள் வரிசையாக வந்து அதைத் தூக்கிப் போவதைப் பார்க்க மகள் காலையிலேயே எழுந்து வாசலில் குந்திக்கொள்வாள்.